தட்டைப் பார்க்கும் அக்கா

அந்த அக்கா தெருவில் வருவதைப் பார்த்ததும் எங்கள் தெருப் பெண்கள் கையில் இருக்கும் தட்டை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வார்கள். வாசலில் உட்கார்ந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பவள் சட்டென்று திரும்பி முதுகைக் காட்டி உட்காருவாள். அக்காவுக்கு இது தெரியும். தெரிந்தும் பார்ப்பார். எதிரே ஒருவர் வந்தால் நம் கண் முதலில் முகத்துக்குத்தானே போகும். அக்காவின் கண் தட்டுக்குப் போகும். தட்டைப் பார்த்து முடித்த பிறகுதான் அதை வைத்திருப்பது யார் என்று நிமிர்ந்து பார்ப்பார்.

பார்த்துவிட்டுச் சும்மாவும் போகமாட்டார். “என்ன சாப்பாடு?” என்று கேட்பார். ரசம் சோறு என்று சொன்னால், “அதோட என்ன?” என்பார். ஊறுகாய் என்றால் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நிற்பார். குறை சொல்லி நான் கேட்டதில்லை. அப்படி நிற்பதுதான் மற்றவர்களுக்குப் பொறுக்காது.

குன்னத்திலிருந்து அரியலூர் போகிற ரோட்டில் இறங்கி உள்ளே நடக்கிற ஊர் எங்களுடையது. அக்காவின் வீட்டுக்காரர் சிமெண்ட் லாரி ஓட்டினார். எங்கள் பக்கத்து வீட்டை வாடகைக்குப் பிடித்துச் சில வருஷம் இருந்தார்கள். லாரி கிளம்பினால் கேரளா, ஆந்திரா என்று போய்விட்டு என்றைக்குத் திரும்பும் என்று சொல்ல முடியாது. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. ஊரில் டிரைவர் வூட்டம்மா என்பார்கள், நான் அக்கா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். அவருடைய பெயர் என்ன என்று கேட்கவேண்டிய அவசியமே வரவில்லை. இப்போது யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

பிள்ளை இல்லாத பொம்பளை, பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்றால் எங்கள் பக்கம் என்ன பேசுவார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. அதோடு இன்னொரு பேச்சும் உண்டு. எங்கள் ஊரில் ஆண்கள் வெளியூர் போயிருந்தால் பெண்கள் அடுப்பு பற்றவைப்பது குறைவு. பழைய சோற்றைப் பிழிந்து போட்டு, நாலு சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டால் அன்றைய பாடு முடிந்தது. அக்கா அப்படியில்லை. லாரி கிளம்பிய மறுநாளும் அந்த வீட்டில் தாளிக்கிற சத்தம் கேட்கும். தனக்கு மட்டும் கொஞ்சம் அரிசி வடித்து, ஒரு பருப்புக் குழம்பு, ஒரு கீரை அல்லது அவரைக்காய், சில நாள் முட்டை என்று செய்வார். செய்ததைப் பரிமாறிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்து அவசரமில்லாமல் சாப்பிடுவார். யாராவது வந்தால் எழுந்திருக்கமாட்டார். “உக்காருங்க, சாப்ட்டுட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுத் தொடருவார்.

என் பெரிய நாத்தனார் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். “ஒருத்திக்குக் கூட்டு, பொரியலு. மாமியாக்காரி ஒருத்தி இருந்திருந்தா சேதி தெரிஞ்சிருக்கும்.”

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. பத்தாவதோடு படிப்பு முடிந்தது, பதினெட்டில் கல்யாணம். யாராவது நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. ஆனால் அக்காவிடம் ஒருநாள் கேட்டுவிட்டேன், ஒருத்திக்காகச் சமைக்க அலுப்பாக இல்லையா என்று. அக்கா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“ஏன், ஒருத்தின்னா அது ஒரு ஆளு இல்லியா?” என்றார்.

அன்றைக்குத்தான் கொஞ்சம் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் நூல் மில்லில் வேலை பார்த்தாராம், அங்கேயே ஹாஸ்டலில் தங்கி. காலையில் டீயும் பன்னும், மத்தியானம் சாம்பார் என்கிற பெயரில் ஒன்று. சாப்பாட்டு நேரத்தில் தூங்கலாம் என்று கூட வேலை பார்த்த பிள்ளைகள் சாப்பிடாமலேயே படுத்துக்கொள்வார்களாம். ஒருநாள் மெஷின் பக்கத்தில் மயங்கி விழுந்திருக்கிறார். முடி மாட்டாமல் தப்பியது பெரிய விஷயம். நர்ஸ் வந்து கீழ் இமையை இழுத்துப் பார்த்து, உன் உடம்பில் ரத்தம் எங்கே என்று கேட்டிருக்கிறார். அக்கா உருவிய கீரையை முறத்தில் பரப்பிவிட்டு எழுந்து போய்விட்டார்.

எங்கள் பாப்பாவுக்கு அப்போது ஒன்றரை வயசு முடிந்திருந்தது.

என் வீட்டுக்காரருக்கு மாடு என்றால் உயிர். கறவை மாடுகள் வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்கமாட்டார். பாப்பா பிறந்தபோது ஒரு சிவலைப் பசுவை அவளுக்கென்றே ஒதுக்கிவிட்டார். அதன் பால் சொசைட்டிக்குப் போகாது. தாய்ப்பால் குறைந்ததும் பாட்டில் வந்தது. விடிந்ததும் ஒரு பாட்டில், கறந்து முடிந்ததும் சூட்டோடு ஒன்று, சொசைட்டிக்குப் போய்விட்டு வந்து ஒன்று, மத்தியானம், சாயங்காலம், படுக்கும்போது. அழுதால் ஒன்று, அழாமல் இருந்தால் அதற்கும் ஒன்று. எல்லாம் அவர் கையால்தான். கடைப்பால் குடிக்கிற பிள்ளையா என் பிள்ளை என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்படிக் குடித்தால் சோறு எப்படி இறங்கும்? இரண்டு வாய் வைத்தால் மூன்றாவது வாயைத் துப்பிவிடுவாள். நான் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “விடு புள்ள, பால்ல இல்லாதது என்ன இருக்கு” என்று பாட்டிலை நீட்டுவார். நீட்டியதும் அழுகை நின்றுவிடும்.

பாப்பா கொழுகொழுவென்றுதான் இருந்தாள். பிறக்கும்போது என்னைப்போலக் கறுப்பு. ஒன்றரை வயசுக்குப் பிறகு நிறம் மாற ஆரம்பித்தது. நாத்தனார் வந்து கன்னத்தைக் கிள்ளிப் பார்த்து, பால் குடித்துக் குடித்துப் பால் நிறமே வந்துவிட்டது என்றார். என் வீட்டுக்காரருக்கு அன்றைக்குக் கால் தரையில் இல்லை. பாப்பா ஓடியாடுவதும் குறைவு. கொண்டுபோய் உட்காரவைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பாள். எவ்வளவு அமைதியான பிள்ளை என்று எல்லாரும் மெச்சினார்கள்.

ஒன்றுமட்டும் புதிதாக வந்தது. மாட்டுக் கொட்டகைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தோம். பாப்பா மெல்ல நடந்துபோய் அதில் நாக்கை வைத்து நக்குவாள். தூக்கிக்கொண்டு வந்தால் மறுபடியும் போவாள். மண்ணை எடுத்து வாயில் போட்டுக்கொள்வதும் உண்டு. பயந்துபோய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார். உடம்பு சுண்ணாம்புச் சத்து கேட்கிறது, அதுதான் சுவரை நக்குகிறாள், பாலில் இல்லாத சுண்ணாம்புச் சத்தா என்று சொல்லி இன்னொரு பாட்டில் கூட்டினார்.

பாப்பா சுவரை நக்குவதை அக்கா வேலிப் பக்கமிருந்து பார்த்திருக்கிறார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் கிளுவை வேலி, ஒரு இடத்தில் ஆள் நுழைகிற அளவுக்கு இடைவெளி. அதன் வழியாக வந்து பாப்பாவைத் தூக்கினார். வாயில் இருந்த சுண்ணாம்பை விரலால் வழித்துப் போட்டார். பிறகு மடியில் சாய்த்து, கட்டை விரலால் கீழ் இமையை மெல்ல இறக்கிப் பார்த்தார்.

“தங்கச்சி, இங்க வந்து பாரேன். செவப்பா இருக்கணும். துணியாட்டம் வெளுத்துக் கெடக்கு.”

நான் குனிந்தேன். அதே நேரம் என் வீட்டுக்காரர் பால் கேனோடு உள்ளே வந்தார். அவர் பார்த்தது இதுதான்: ஊரே கண்ணு பொல்லாதது என்று சொல்கிற பொம்பளை, தன் பிள்ளையைச் சாய்த்துப் போட்டுக் கண்ணை நோண்டிக்கொண்டிருக்கிறாள். கேனைக் கீழே வைத்தார். சத்தம் போடவில்லை.

“புள்ளைய கீழ விடுங்க. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க.”

அக்கா பாப்பாவை என்னிடம் கொடுத்தார். போகிறபோது, டவுனுக்குக் கூட்டிப்போய் ஒருமுறை டாக்டரிடம் காட்டு என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலமே நாத்தனார் வந்து உப்பும் மிளகாயும் தெருமண்ணும் சேர்த்துச் சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் கமறவில்லை. கமறவில்லை என்றால் கண் பட்டது நிச்சயம் என்று கணக்கு. பாப்பா இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றும் கறுப்புக் கயிறு ஏறியது. வேலி தெரிகிற பின்வாசலில் என்னுடைய பழைய புடவை ஒன்று திரையாகத் தொங்கியது. பாப்பா பால் குடிப்பதும் அந்தத் திரைக்குப் பின்னால்தான்.

அக்கா சண்டைக்கு வரவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. ஆனால் தான் சாப்பிடுகிற இடத்தை மாற்றிக்கொண்டார். வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டவர், தன் கொல்லையில் துவைக்கிற கல் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்தார். அதுவும் என் வீட்டுக்காரர் சொசைட்டியிலிருந்து தீவனக் கடைக்குப் போயிருக்கிற காலை வேளையில். திரை நடமாடுகிற பிள்ளையைத் தடுக்குமா? பாப்பா அடியில் புகுந்து வேலி இடைவெளியில் போய் நின்றாள். அக்கா அவளைக் கூப்பிடவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் தட்டையே பார்த்துக்கொண்டு, சோற்றைப் பிசைந்து உருட்டி உருட்டிச் சாப்பிட்டார். பாப்பா வாயைத் திறந்து மூடினாள்.

அப்போதுதான் அக்கா என்னைக் கூப்பிட்டார். “தங்கச்சி, புள்ள கேக்குது. வந்து ஊட்டு.”

நீங்களே கொடுங்களேன் அக்கா என்றேன்.

“எங்கையால வேண்டாம். நாளைக்கு ரெண்டு தடவ வயித்தால போச்சுன்னாலும் எம் மேலதான் வரும். உன் கையால எடுத்து ஊட்டு.”

பருப்பும் முருங்கைக் கீரையும் குழையப் பிசைந்த சோறு. அக்காவின் தட்டிலிருந்து ஒரு விரல் நுனி அளவு எடுத்து வைத்தேன். பாதியைத் துப்பினாள். பாதி உள்ளே போனது. இன்னொரு வாய்க்கு வாயைத் திறந்தாள். என் பிள்ளை ஒருவாய்ச் சோற்றுக்குத் தானாக வாய் திறந்து அதுவரை நான் பார்த்ததில்லை. காலையில் அந்தப் பாட்டிலைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா பார், பசி இருந்தால்தானே அது இங்கே வரும் என்று அக்கா சொன்னார். என்னால் தள்ளிப்போட முடியவில்லை. பாட்டில் என் கையில் இல்லை. ஆனாலும் அந்த வாரம் தினமும் இரண்டு வாய், மூன்று வாய் என்று நடந்தது.

பிறகு காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான், ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு இருந்தது. மற்ற பிள்ளைகள் இரண்டு நாளில் எழுந்து ஓடின. பாப்பா எழுந்திருக்கவில்லை. தோளில் போட்டால் துணி மாதிரி கிடந்தாள். மூச்சு வேகமாக வாங்கியது. கீரை ஊட்டியதை நான் என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். பயத்தில் எதையும் மறைக்கத் தோன்றவில்லை. அக்கா சொன்னபடியேதான் ஆனது. அவள் கைச்சோறுதான் காரணம் என்று நாத்தனார் வாசலில் நின்று அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி பேசினார். என் வீட்டுக்காரர் வேலியை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் அந்த வேலியே இருக்காது என்று எனக்குத் தோன்றியது.

பெரம்பலூரில் குழந்தைகள் டாக்டரிடம் கொண்டுபோனோம். பெண் டாக்டர். பாப்பாவைப் பெஞ்சில் படுக்கவைத்து, நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். அடுத்து, கட்டை விரலால் கீழ் இமையை மெல்ல இறக்கினார்.

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். என்ன சாப்பிடுகிறாள் என்று டாக்டர் கேட்டார். இவர் நெஞ்சை நிமிர்த்தாமல், ஆனால் பழைய பெருமை கொஞ்சம் ஒட்டியிருந்த குரலில், எங்கள் மாட்டுப் பால், தண்ணீர் கலக்காதது, கேட்கிறபோதெல்லாம் கொடுக்கிறோம் என்றார். டாக்டர் திட்டவில்லை. பால் நல்லதுதான், ஆனால் ரத்தம் ஊறுவதற்கு வேண்டிய இரும்புச் சத்து பாலில் இல்லை, வயிறு பாலால் நிறைந்தால் மற்ற எதுவும் உள்ளே போகாது, அதனால்தான் மண்ணையும் சுவரையும் தேடுகிறாள் என்று பொறுமையாகச் சொன்னார். ரத்த அளவு இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் ரத்தம் ஏற்றவேண்டி இருந்திருக்கும். மருந்து எழுதித் தருகிறேன், மருந்து பாதி, சாப்பாடு பாதி, ஒரு மாதம் கழித்து வாருங்கள், ஏறவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டியதுதான் என்றார்.

இவர் ஒன்றுதான் கேட்டார். “அப்ப புள்ள வெளுத்தது நெறம் இல்லீங்களா?”

“இல்லீங்க” என்றார் டாக்டர்.

பஸ்ஸில் வரும்போது மருந்துப் பாட்டிலைச் சட்டைப் பையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து திரையைக் கழற்றி மடித்துக் கொடியில் போட்டார். மறுநாள் காலையில் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வேலி ஓரமாகப் போய் நின்றார். கனைத்தார். அக்கா துவைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

“பாப்பாவுக்கு ரத்தம் கம்மியாம்” என்றார் இவர்.

நான்தான் முன்னாடியே சொன்னேனே என்று அக்கா சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, டாக்டர் சொன்னதை எல்லாம் கேட்டார். பாலை அடியோடு நிறுத்தச் சொன்னாரா, குறைக்கச் சொன்னாரா என்று விசாரித்தார்.

“கொறைக்கச் சொன்னாங்க.”

“சரிதான். உங்க பாலு நல்ல பாலு தம்பி. அதுல ஒரு கொறையும் இல்ல. அதோட என்னென்ன குடுக்கறதுன்னுதான் பாக்கணும்.” பிறகு, “நீங்க கீரை சாப்புடுவீங்களா?” என்றார்.

இவர் தோளில் கிடந்த பாப்பாவை மாற்றிப் போட்டுக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து நான் அவருக்குக் கீரை வைத்து, அதை அவர் தட்டின் ஓரத்தில் ஒதுக்காத நாள் இல்லை.

“புள்ள உங்களைத்தான் பாக்குது. நீங்க ஒதுக்குனா அதுவும் ஒதுக்கும்” என்றார் அக்கா.

அப்படித்தான் ஆரம்பித்தது. பாட்டில் வேண்டாம், தம்ளரில் கொடு என்றார். காலையில் ஒரு தம்ளர், படுக்கும்போது ஒரு தம்ளர், அதுவும் சாப்பிட்ட பிறகு. விடிந்து கொஞ்ச நேரத்தில் ஒரு இட்லியோ கேழ்வரகு அடையோ, பருப்பில் தோய்த்து. வெயில் ஏறியதும் கொய்யாவோ பப்பாளியோ வாழைப்பழமோ, அந்தந்த நாளில் கிடைப்பது. மத்தியானம் சோறு, பருப்பு, கீரை, ஒரு சொட்டு நெய், மேலே எலுமிச்சம்பழம் நாலு சொட்டு. டாக்டர் கொடுத்த மருந்தையும் பாலோடு கொடுக்காதே, எலுமிச்சைத் தண்ணீரோடு கொடு என்று மருந்துக்கடைக்காரர் சொன்னதை அக்கா திரும்பத் திரும்ப நினைவுபடுத்தினார். சாயங்காலம் வேர்க்கடலையை வறுத்து வெல்லத்தோடு நைசாக இடித்தது. முழுக் கடலை கைக்கு எட்டவே கூடாது, தொண்டையில் மாட்டிக்கொள்ளும். ஒருநாள் முட்டை, ஒருநாள் ஆட்டு ஈரல் வேகவைத்து மசித்தது, ஏரி மீன் வந்தால் முள் எடுத்துக் கொஞ்சம். ராத்திரிக்கு வீட்டில் நாம் சாப்பிடுவதே, காரம் குறைத்து. எல்லாமே அளவு கொஞ்சம்தான். தட்டில் மலை மாதிரி போட்டால் பிள்ளை பயந்துவிடும், கேட்டால் மறுபடி போடு என்பார். தட்டைப் பார்த்துவிட்டு, “எல்லாம் வெள்ளையா இருக்கே” என்று ஒருநாள் ஒரு கேரட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

சொல்வது சுலபம். முதல் நாலைந்து நாள் பாப்பா போட்ட கூச்சலில் மாடு கயிற்றை அறுத்துக்கொள்ளப் பார்த்தது. பாட்டில், பாட்டில் என்று தரையில் புரண்டாள். என் வீட்டுக்காரரால் தாங்க முடியவில்லை. அவரைக் காணோம், பிள்ளையையும் காணோம் என்று தேடிப்போனால், வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்து பாட்டிலைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அக்காதான் சொன்னார்.

“தம்பி, புள்ளையோட பசியை நீங்க தூக்கிட்டுப் போயிட்டீங்க. இனி மத்தியானம் வரைக்கும் அதுக்கு ஒண்ணும் வேணாம்.”

இவர் பாட்டிலைக் கூரையில் செருகினார். பிறகு அது எங்கே போனது என்று தெரியவில்லை.

கீரைதான் பெரிய கூத்து. மத்தியானம் அக்கா தன் கொல்லையில் உட்காருவார். வேலிக்கு இந்தப் பக்கம் நான், இவர், நடுவில் பாப்பா. இவருடைய தட்டில் கீரை. அக்கா நிமிர்ந்து பார்ப்பார், பாப்பாவும் நிமிர்ந்து பார்ப்பாள். இருவரும் பார்க்கும்போது மனுஷன் என்ன செய்ய முடியும்? விஷம் குடிக்கிறவர் மாதிரி விழுங்குவார். விழுங்கிவிட்டு, நல்லாருக்கு என்று வேறு சொல்லவேண்டும். எனக்குச் சிரிப்பு வரும், தலையைக் குனிந்துகொள்வேன். பாப்பா முதலில் அவர் தட்டில்தான் கையை விட்டாள். தன் தட்டில் இருப்பதே அவர் தட்டில் இருந்தால் அதற்கு ருசி கூட. ஊட்டாதே, அதுவே அள்ளட்டும், பாதி கீழே போனால் போகட்டும் என்று அக்கா விட்டுவிடச் சொன்னார். மூக்கில், முடியில், காதில் எல்லாம் சோறு. வாய்க்கும் கொஞ்சம் போனது.

ஒரு மாதம் கழித்துப் போனபோது ரத்தம் ஏறியிருந்தது. நிறைய இல்லை, ஆனால் ஏறியிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டாம், இப்படியே கொடுங்கள் என்றார் டாக்டர். அடுத்தடுத்து ஏறியது. பாப்பா நடந்தாள், ஓடினாள், கன்றுக்குட்டி வாலைப் பிடித்து இழுத்து உதை வாங்கினாள். சுவர்ப் பக்கம் போவது தானாக நின்றது. நிறமும் திரும்பியது. நாத்தனார் பார்த்துவிட்டு, “என்னடா, புள்ள கறுத்துப் போச்சே” என்று வருத்தப்பட்டார். “ரத்தம் ஊறியிருக்குக்கா” என்றார் இவர். முன்பு பாலைச் சொன்ன அதே பெருமை.

அக்கா ஊரைவிட்டுப் போனது அதற்கப்புறம் ஒரு வருஷம் இருக்கும். வீட்டுக்காரருக்கு வேறு கம்பெனியில் வண்டி கிடைத்து, ஆந்திரா பக்கமே தங்கவேண்டி வந்தது. மினி லாரியில் சாமான் ஏற்றிவிட்டுச் சொல்லிக்கொள்ள வந்தார். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பட்டுமா என்றேன். வேண்டாம், தூக்கத்தில் எழுப்பினால் சாப்பிடாது என்றார். கொடுத்துவிட்டுப் போன போன் நம்பர் சில மாதம் எடுத்தது, பிறகு எடுக்கவில்லை. பாப்பா இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். அக்காவின் முகம் அவளுக்கு நினைவில்லை.

எனக்கு அக்காவை நினைத்தால் வருவது ஊரைவிட்டுப் போன அந்த நாள் இல்லை, பாப்பாவின் காதுகுத்து. பிள்ளைக்கு ரத்தம் தேறட்டும் என்று தள்ளிப்போட்டு, தேறியபிறகு குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காதுகுத்தி, கிடா வெட்டிச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சாப்பாடு வைத்தோம். யாரை அழைப்பது என்று பேசும்போது நாத்தனார் முன்கூட்டியே சொல்லிவிட்டார். நாலு வீட்டுக் கைக்குழந்தைகள் உட்கார்ந்து சாப்பிடுகிற இடம், டிரைவர் வூட்டம்மாவுக்குப் பந்தி முடிந்ததும் தூக்கில் சோறு கொடுத்தனுப்பிவிடலாம் என்று. நான் அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. ஆனால் அவருக்கே தெரிந்திருந்தது.

“நான் வரல தங்கச்சி. புள்ளைங்க சாப்புடற எடம். எதுக்கு உங்களுக்குப் பேச்சு?”

இதை இவரிடம் சொன்னேன். அவர் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழம் வைத்து எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, வேலி வழியாகப் போகாமல் தெரு வழியாகச் சுற்றி அக்கா வீட்டு வாசலுக்குப் போனார். சொந்தக்காரர்களை அழைப்பதுபோலத் தட்டை நீட்டினார். அக்கா வாங்கிக்கொண்டார்.

கோயிலுக்குப் பச்சைப் புடவை கட்டிக்கொண்டு வந்தார். முதல் பந்தியிலேயே இடம் காட்டி உட்காரவைத்தேன். இலை போட்டு, சோறு விழுந்து, கறிக்குழம்பு வந்துகொண்டிருந்தது. அப்போது அக்காவுக்கு வலப்பக்கம் இருந்த நாத்தனார், மடியில் இருந்த தன் பேரனைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். இலையையும் சோற்றோடு இழுத்துக்கொண்டு கடைசிக்குப் போய் உட்கார்ந்தார். அதைப் பார்த்து இடப்பக்கம் இருந்தவளும் பிள்ளையை இடுக்கிக்கொண்டு நகர்ந்தாள். பந்தி நடுவில் அக்கா மட்டும், இரண்டு பக்கமும் வெற்றுத் தரை. அக்கா இலையில் கை வைக்கவில்லை. கையைத் தரையில் ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார்.

என் வீட்டுக்காரர் குழம்பு வாளியோடு எதிர்வரிசையில் பரிமாறிக்கொண்டிருந்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து, நாத்தனார் விட்டுப்போன இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். “இங்க ரெண்டு இலை போடுங்கப்பா. ஒண்ணு சின்னதா” என்றார்.

“டேய், நீ பரிமாற ஆளு” என்றார் நாத்தனார் அங்கிருந்தே.

“பரிமாற ஆளு இருக்காங்கக்கா. எம் புள்ள சாப்புடணும்.”

நான் பாப்பாவைக் கொண்டுபோய் இருவருக்கும் நடுவில் உட்காரவைத்தேன். மொட்டைத் தலையில் சந்தனம், காதில் புதுத் தோடு, அழுத கண்ணீர் இன்னும் காயவில்லை. இலையில் சோறும் ஈரலும் வைத்தார்கள். அதை அவள் பார்க்கவே இல்லை. அக்காவின் இலையில் இருந்த முட்டைகோஸ் பொரியலில் கையை விட்டு, ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். பந்தி முழுக்க அவளையே பார்த்தது. மென்று விழுங்கிவிட்டு மறுபடியும் அந்த இலைக்கே கையை நீட்டினாள். மீதிப் பொரியல் இலையின் அந்தக் கோடியில் இருந்தது. எட்டவில்லை.

அக்கா தன் இலையைக் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.